கொத்தனார் கேட்காத கேள்வி

அத்தியாயம் 6

“கையெழுத்துப் போட்டா வேலை மட்டும் போகும். போடலேன்னா நாலு மணிக்குப் போலீஸ்” என்றார் மேனேஜர்.

மேஜையில் கடிதம் தயாராக இருந்தது. ‘என்னுடைய கவனக்குறைவால்’ என்று தொடங்கி, கடைசியில் தங்கையின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டியது.

தங்கை என்று நான் சொல்வது எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணை. இருபத்தாறு வயது. அவள் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தவள் அவளுடைய சொந்த அக்கா. இருவருக்கும் இதே ஆபீசில்தான் வேலை. அக்கா ஆறு வருஷமாக டீம் தலைவி. தங்கையை இரண்டு வருஷத்துக்கு முன் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டதும் அவளே. நேற்று சாயங்காலம் எங்கள் அலுவலகத்துக்குத் தங்கையைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து, “எப்படியாவது இவளைக் காப்பாத்துங்க மேடம்” என்று அழுததும் அவள்தான்.

மேடம் என்றால் என் முதலாளி. அச்சாபீசில் இருபத்திரண்டு வருஷம் ப்ரூஃப் பார்த்தவர். இப்போது வேறு விதமான ப்ரூஃப் தேடுகிறார். அதனால் ஊர் அவரை ப்ரூஃப் மேடம் என்கிறது. எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘வாய்’. ஏனென்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதற்குத் துப்பறிவாளர் வேண்டாம்.

நடந்தது இதுதான். இந்த ஆபீசின் வேலை ஆம்புலன்ஸ் அனுப்புவது. போன் வந்தால் எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் கம்ப்யூட்டர்கள் எங்கோ தூரத்தில் இருக்கின்றன. அவற்றை உண்டாக்கவும் கலைக்கவும் ஒரு புரோகிராம். லேப்டாப்பில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தால் போதும். இவர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் கொத்தனார். ‘கட்டு’ என்றால் கட்டும், ‘இடி’ என்றால் இடிக்கும். கொத்தனாருக்கு இரண்டு மனைகள்: ஒன்று நிஜம், இன்னொன்று ஒத்திகை. செவ்வாய்தோறும் ஒத்திகையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது தங்கையின் வேலை.

நேற்று காலை பதினொன்று பத்துக்கு அவள் ‘இடி’ என்றாள். இடிந்தது நிஜம். நாற்பத்தேழு நிமிஷம் ஊரில் யார் கூப்பிட்டும் ஆம்புலன்ஸ் வரவில்லை. ஒரு பெண்ணுக்கு ரோட்டோரத்தில் பிரசவம் ஆனது. தாயும் பிள்ளையும் நலம் என்பது கடவுள் செய்த உபகாரம், இந்த ஆபீஸ் செய்தது இல்லை.

“நான் ஒத்திகையைத்தான் இடிச்சேன் சார்” என்றாள் தங்கை. அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“ஸ்கிரீனை நானே போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.” மேனேஜர் போனை நீட்டினார். “இவ பேர்ல, இவ லேப்டாப்ல. லேப்டாப்பை அப்படியே மூடி என் பீரோவுல வச்சுப் பூட்டியாச்சு.”

மேடம் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அந்தப் படத்தைப் பார்த்தார். கறுப்புத் திரையில் மொத்தம் நாலு வரி. ‘கொத்தனார் இடி’. அதற்குக் கீழே ‘இடிக்கிறேன்’. அதற்குக் கீழே ‘மனை: நிஜம்’. கடைசியில் ‘முடிந்தது’.

நாலு வரியை நான் நாலு விநாடியில் படித்துவிட்டேன். மேடம் நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

“மேடம், இதுல சஸ்பென்ஸ் ஒண்ணும் இல்ல. கடைசி வரியில எல்லாம் இடிஞ்சிடுது” என்றேன்.

“வாய், காபி இருந்தா கொண்டு வா.”

என்னை அவர் வெளியே அனுப்பும் விதம் அது. அக்காவும் என்னோடு வந்தாள். “இவ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல” என்றபடி ஓய்வறையின் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார்கள்: en pazam. thottal kai irukkathu.

“யாருங்க இந்த வீரப்பரம்பரை?” என்றேன்.

“நான்தான்.” அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. “இங்க பழம் வச்சா பத்து நிமிஷம் தாங்காது.”

டப்பாவை அப்படியே மேனேஜர் அறைக்கு எடுத்துவந்து, நறுக்கிய ஆப்பிளைத் தங்கையின் வாயருகே கொண்டுபோய் அவள் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டியதைப் பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான். என் பங்கையும் தின்றுவிட்டுத்தான் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்பான்.

அதற்குள் ஆம்புலன்ஸ் டிரைவர்களிடமிருந்து அழைப்பு வந்து அக்கா தன் இடத்துக்குப் போனாள். மேடம் கதவைச் சாத்தினார்.

“இதுல ஒரு வரி விட்டுப்போயிருக்கு.”

“எதுல?” என்றார் மேனேஜர்.

“உங்க போட்டோவுல. ஒரு கட்டடத்தையே இடிக்கப் போற ஆள் ஒரு வார்த்தை கேக்கமாட்டாரா? என் போன்ல ஒரு போட்டோவை அழிச்சாலே ‘நிச்சயமா?’ன்னு கேக்குது.”

தங்கை நிமிர்ந்தாள். “கேக்கும் மேடம். ‘நிச்சயமா’ன்னு கேட்டு, நாம ‘ஆமா’ன்னு முழுசா அடிச்சாத்தான் இடிக்கும். நேத்து... நேத்து கேக்கவே இல்ல. அடிச்ச உடனே ஓட ஆரம்பிச்சுடுச்சு. அந்தப் பதட்டத்துல எனக்கு அது உறைக்கவே இல்ல.”

“ஏன் கேக்கல?”

“யாரோ கேக்காதேன்னு சொல்லியிருக்கணும்.”

“யார்கிட்ட சொல்றது? கொத்தனார் காதுலயா?” என்றேன் நான்.

தங்கை ஒரு வெற்றுத் தாளை இழுத்து ஒரு சதுரம் போட்டாள். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவள் குரல் நேரானது. “இப்படி வச்சுக்கோங்க. கொத்தனார் உள்ள வர்ற வாசல்ல ஒரு கரும்பலகை. எந்த மனை, கேள்வி கேக்கணுமா வேண்டாமா, வேலைக் குறிப்பை எங்க எழுதி வைக்கணும், எல்லாம் அதுல முன்கூட்டியே எழுதியிருக்கும். அதைப் படிச்சுட்டுத்தான் அவர் வேலையைத் தொடங்குவார். ஒவ்வொரு தடவையும் நாம சொல்லிட்டு இருக்க வேண்டாம். என்விரான்மென்ட் வேரியபிள்னு சொல்வோம்.”

“பலகையில எழுதறது யாரு?”

“நாமளே ஜன்னல்ல அடிச்சு எழுதலாம். இல்லேன்னா ஆரம்பக் கோப்புன்னு ஒண்ணு இருக்கு. ஜன்னலைத் திறக்கறப்போ அதுல இருக்கறது தானா பலகையில ஏறிடும். என் கோப்புல மனை ஒத்திகைன்னு நானே எழுதி வச்சிருக்கேன். கேக்காதேன்னு நான் எழுதவே மாட்டேன்.”

மேனேஜர் தலையை ஆட்டினார். “லேப்டாப்பைப் பூட்டறதுக்கு முன்னாடி அந்தக் கோப்பை என் கண் முன்னாலயே திறந்து பார்த்தாச்சு. ஒத்திகைன்னுதான் இருக்கு. அதனால இவளே கையால பலகையை மாத்திட்டு, அப்புறம் திரையைத் துடைச்சிருக்கா. வேற வழியே இல்ல.”

“திறந்து காட்டினது யாரு?”

“இவளோட அக்காதான். டீம் தலைவியாச்சே.”

மேடம் தாளில் இருந்த சதுரத்தைச் சுற்றி இன்னொரு சதுரம் போட்டார். பிறகு தங்கையிடம், “ஜன்னலை எப்போ திறந்தே?” என்றார்.

“காலைல ஒன்பது மணிக்கு.”

“ஒன்பது மணிக்குக் கோப்புல இருந்தது பலகையில ஏறிடுச்சு. பதினொன்று பத்துக்கு இடிஞ்சுது. அதுக்கப்புறம் யாரோ கோப்பைத் திருத்திட்டாங்கன்னு வச்சுக்கோ. திருத்தினா பலகை மாறுமா?”

“மாறாது” என்றாள் தங்கை மெல்ல. “புதுசா ஜன்னல் திறந்தாத்தான் புது எழுத்து வரும். பழைய ஜன்னல்ல பழசு அப்படியே இருக்கும். மூடுற வரைக்கும்.”

“எங்க அச்சாபீஸ்லயும் அப்படித்தான்” என்றார் மேடம். “ப்ரூஃபைத் திருத்தலாம். அச்சடிச்சு வெளிய போன காப்பியில திருத்தம் ஏறாது. சார், பீரோவைத் திறங்க.”

லேப்டாப் வந்தது. மூடியைத் தூக்கினால் பேட்டரி ஒன்பது சதவீதம். நான் சார்ஜருக்கு ஓடி, மூன்று மேஜையைத் துழாவி, நான்காவது மேஜைக்காரரின் சார்ஜரை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது திரையில் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டிருந்தது.

“பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்?” என்றார் மேடம்.

“யாருக்கும் தெரியாது மேடம்.”

“எனக்கு எழுதிக் காட்டு.”

தங்கை கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஒரு துண்டுத் தாளில் கிறுக்கி நீட்டினாள். மேடம் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நீளமா இருக்கே” என்றார். அவ்வளவுதான். எனக்குக் காட்டவில்லை. ஏழு வருஷம் கூட இருந்தும் எனக்குக் கிடைக்கும் மரியாதை இது.

தங்கை பூட்டைத் திறந்தாள். நேற்றைய கறுப்பு ஜன்னல் அதே நாலு வரியோடு நின்றிருந்தது. பலகையைக் காட்டு என்ற கட்டளையை அவள் அடித்தாள். நான் போனில் வீடியோ எடுத்தேன், மேனேஜரின் முகமும் அதில் விழும்படி.

மூன்று வரிகள் வந்தன. மனை: நிஜம். கேள்வி: வேண்டாம். வேலைக் குறிப்பு போக வேண்டிய இடம்: pazaya_kuppai.

“பழைய குப்பை” என்று படித்தேன். “குறிப்பைக் கூடக் குப்பையில போடச் சொல்லியிருக்கான். சுத்தமான ஆளு.”

“இதையும் இவளே எழுதியிருக்கலாமே” என்றார் மேனேஜர். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

மேடம், தங்கை நேற்று எங்களிடம் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தை எடுத்தார். அதுவும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். “இதுல ‘வழக்கம்போல’ன்னு மூணு இடத்துல வருது. மூணு இடத்துலயும் ழ-வுக்கு இசட், எச் ரெண்டும் போட்டிருக்கா. இந்தக் குப்பையில வெறும் இசட். மனுஷங்க பொய் சொல்றப்போ எதை வேணும்னாலும் மாத்துவாங்க சார். எழுத்துக்கூட்டறதை மாத்தமாட்டாங்க. அது கையோட பழக்கம்.”

குற்றமில்லை என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் என்ன செய்வோம்? குதிப்போம். தங்கை குதிக்கவில்லை. அந்த மூன்றாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி மேனேஜரின் பேனாவை எடுத்தாள்.

“நான் கையெழுத்துப் போட்டுடறேன் சார்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரை நிமிஷம் கழித்துத்தான் அந்த ஃப்ரிட்ஜும், மஞ்சள் சீட்டும், en pazam-உம் ஞாபகத்துக்கு வந்தன. அதிலும் வெறும் இசட். ஆப்பிள் ஊட்டினாளே, பாவி.

மேடம் பேனாவைத் தங்கையின் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்தார். “நானும் அந்தச் சீட்டைப் பார்த்துட்டேன்மா. ஸ்பெல்லிங்கை மட்டும் வச்சு ஒருத்தரைக் குத்தவாளின்னு சொல்லமாட்டேன். அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம். அவ செய்யலேன்னா இந்த ஜன்னலைத் தொடவேமாட்டா. சரியா?”

“தொடமாட்டா மேடம்” என்றாள் தங்கை. “அவ என் அக்கா. தொடமாட்டா.”

மேடம் லேப்டாப்பை மறுபடி பூட்டினார். மேனேஜர் அறையை ஒட்டி ஒரு மீட்டிங் அறை, நடுவில் கண்ணாடிச் சுவர், அதன்மேல் இந்தப் பக்கத்திலிருந்து இழுத்து மூடும் பட்டைத் திரை. லேப்டாப்பை அந்த அறை மேஜையில் வைத்து, சார்ஜரைத் தானே குத்தி, விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

“ஒரு உபகாரம்மா. நாலு மணிக்கு ஒரு நிபுணர் வர்றார். இதுல திறந்திருக்கற ஜன்னல்லதான் எல்லாம் இருக்குன்னு சொல்றார். நாங்க இன்னும் பார்க்கல. மூடினா போச்சாம். பாஸ்வேர்ட் உன் தங்கச்சிக்கு மட்டும்தான் தெரியும், அதனால பயமில்ல. யாரும் வந்து நோண்டாம நீ கொஞ்சம் காவலுக்கு இரு. எங்களுக்கு மேனேஜர்கிட்ட பேச வேண்டியிருக்கு.”

“கண்டிப்பா மேடம்” என்றாள் அக்கா. “இதுலயாவது அவளுக்கு விடிவு வரட்டும்.”

நாங்கள் நால்வரும் பட்டைத் திரைக்குப் பின்னால் நின்றோம். இரண்டு பட்டைக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. நான் போனை அதில் பொருத்தினேன். தங்கைக்கும் ஒரு இடைவெளி கிடைத்தது.

முதல் நிமிஷம் அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது நிமிஷம் தலையை மேஜையில் கவிழ்த்துக்கொண்டாள்.

“பார்த்தீங்களா” என்று தங்கை என் காதருகே கிசுகிசுத்தாள். “சொன்னேன் இல்ல?”

மூன்றாவது நிமிஷம் அக்கா தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். விரல்கள் கீபோர்டில் ஓடின. நீளமான பாஸ்வேர்ட்தான். ஒரு எழுத்தில்கூட அவள் நிறுத்தி யோசிக்கவில்லை. பூட்டு திறந்தது. இன்னும் இரண்டு தட்டு. கறுப்பு ஜன்னல் மறைந்தது.

தங்கையின் நெற்றி கண்ணாடியில் போய் மோதியது. அந்தச் சத்தத்தில் அக்கா திரும்பினாள்.

நாங்கள் உள்ளே போனபோது அவள் எழுந்து நின்றிருந்தாள். “பேட்டரி... தானா ஆஃப் ஆயிடுச்சு போல...”

“சார்ஜர் குத்தியிருக்கும்மா” என்றார் மேடம்.

நான் முதல் வீடியோவை ஓடவிட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். மூன்று வரிகள். கடைசி வரியில் அவள் கண் நின்றது. போனை அணைத்தேன். வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்வேன். அன்று நாக்கு கசந்தது.

“பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாதுன்னியே?” என்று மேனேஜர் தங்கையைக் கேட்டார்.

“யாருக்கும் தெரியாது சார்” என்றாள் தங்கை. அக்காவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒருதரம் இவகிட்ட சொன்னேன். யாருக்கும்னு சொன்னதுல இவ வருவான்னு எனக்குத் தோணவே இல்ல.”

அக்கா உடைந்தாள். அழுகையாக இல்லை, கோபமாக. “நான் என்ன செய்யறது? கைப்பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தேன். என் நாற்காலியையே உனக்குத் தர்றேன்னு லெட்டர் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை உன் மெயில்ல பார்த்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நாலு நாள் என் கூட ஒரே தட்டுல சாப்பிட்டே. ஒரு வார்த்தை?”

“அதனால நிஜத்தை இடிச்சியா?”

“அஞ்சு நிமிஷம் விழும், நான் தூக்கி நிறுத்திடுவேன், உனக்கு இன்னும் பக்குவம் வரலேன்னு எல்லாருக்கும் தெரியும்... அவ்வளவுதான் நினைச்சேன். நாற்பத்தேழு நிமிஷம் ஆகும்னு சத்தியமா தெரியாது. அப்புறம் எல்லாரும் ஓடிட்டு இருந்தப்போ உன் சீட்ல உட்கார்ந்து கோப்பைத் திருத்தினேன். சார் போட்டோ எடுக்க ஜன்னல் வேணுமேன்னு அதை மட்டும் மூடாம விட்டேன்.”

தங்கை மேனேஜரைப் பார்த்தாள். “சார், நீங்க சொல்லுங்க.”

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “அந்தப் பதவியை இவ ஏத்துக்கல. திங்கட்கிழமை காலையிலயே வேண்டாம்னு எழுதிட்டா. அக்கா இருக்கற இடத்துல தான் உட்காரமாட்டேன்னு. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், சொல்லாதீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா.”

“நீ கோப்புல எழுதினது எப்போ?” என்று மேடம் கேட்டார்.

“திங்கட்கிழமை சாயங்காலம்” என்றாள் அக்கா.

மேனேஜர் அந்தக் கடிதத்தை நான்காகக் கிழித்துவிட்டுப் போனை எடுத்தார். மூன்றரை மணிதான் ஆகியிருந்தது. அவர் யாருக்குப் பேசுகிறார் என்று அக்கா கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

“மெஷினை அவங்ககிட்ட ஒப்படைக்கணும்” என்றார் அவர் தங்கையிடம். “பாஸ்வேர்டை மட்டும் மாத்திக் கொடும்மா.”

தங்கை உட்கார்ந்தாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். கைப்பையில் போன அந்தத் துண்டுத் தாளை நினைத்து மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் படித்தபோதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

புதிய பாஸ்வேர்ட் போடுவதற்கு முன் பழையதை ஒருமுறை அடிக்கச் சொன்னது மெஷின். புள்ளிகளாகத்தான் தெரியும். ஆனால் தங்கைக்கு ஒவ்வொரு எழுத்தையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே அடிக்கிற பழக்கம். எனக்குக் கேட்டது. இரண்டடி தள்ளி நின்ற அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

அக்கா இருக்கா, பயமில்லை.